சர்க்கரை மாத்திரைக்குப் பக்கத்தில் தைராய்டு டப்பா

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

ஒரே அலமாரித் தட்டில் இரண்டு மருந்தும் இருக்கும் வீடுகள் மதுரைப் பக்கம் ஏராளம். சர்க்கரைக்கு ஒரு டாக்டர், தைராய்டுக்கு ஒரு டாக்டர், இரண்டு சீட்டு. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்திருக்க மாட்டார். இந்த இதழுக்கு வந்த கேள்விகள் பெரும்பாலும் அந்த இரண்டு சீட்டுக்கும் நடுவில் விழுந்தவைதான். பதில்கள் பொதுவானவை. மாத்திரை அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரைக் கேட்டபிறகே.

கேள்வி: எனக்கு 46 வயது. எட்டு வருடமாகச் சர்க்கரை. போன மாதம் அசதி, முகம் ஊதல் என்று போனதில் டி.எஸ்.ஹெச். 14 என்று வந்திருக்கிறது. சர்க்கரை முற்றித்தான் தைராய்டு வந்ததா? என் மகளுக்கும் வருமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் ஹார்மோன். தைராய்டு குறைந்தால் இந்த எண் ஏறும், அதிகமானால் இறங்கும். உங்கள் 14 தைராய்டு குறைவைக் காட்டுகிறது. ஆனால் சர்க்கரை முற்றி தைராய்டாக மாறுவதில்லை. உங்கள் வயதில் தொடங்கியது பெரும்பாலும் இரண்டாம் வகைச் சர்க்கரையாக இருக்கும். இந்த வகைச் சர்க்கரையும் தைராய்டு குறைபாடும் நடுவயதுப் பெண்களிடம் அதிகம் காணப்படுபவை. அதனால் ஒரே ஆளிடம் இரண்டும் வந்து சேர்வது சாதாரணம். முதல் வகைச் சர்க்கரையில் நிலைமை வேறு. அங்கே இரண்டு நோய்க்கும் வேர் ஒன்று. அதைக் கீழே திண்டுக்கல் கேள்வியில் சொல்கிறோம்.

ஒன்று மற்றொன்றைக் கொண்டுவராவிட்டாலும், வந்தபிறகு ஒன்றின் கணக்கை மற்றது மாற்றும். தைராய்டு ஹார்மோன் குறையும்போது ரத்தத்தில் இருக்கும் இன்சுலின் மெதுவாகக் கழிகிறது, குடல் சர்க்கரையை மெதுவாக உறிஞ்சுகிறது, கல்லீரலும் தன் கையிருப்புச் சர்க்கரையைக் குறைவாகவே வெளியே விடுகிறது. அதனால் கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குப் பழைய அளவிலேயே லோ சுகர் ஆகலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்தப் பயம் குறைவு.

தைராய்டு மாத்திரை தொடங்கியபின் இது அப்படியே திரும்பும். உடம்பு வேகம் எடுக்கும், சர்க்கரை கொஞ்சம் ஏறும். "தைராய்டு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, சுகரைக் கூட்டுகிறது" என்று அதை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. நிறுத்தாதீர்கள். மாத்திரை வேலை செய்கிறது, சர்க்கரை மருந்தைத் திருத்த வேண்டிய நேரம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு இரண்டு நாளாவது வெறும் வயிற்றிலும், காலைப் பலகாரம் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள்.

அறிகுறிகளும் ஒன்றோடொன்று குழம்பும். அசதியைச் சர்க்கரை மேல் போடுவோம். மலச்சிக்கலுக்குச் சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பும் காரணமாகலாம், தைராய்டும் காரணமாகலாம். விடியற்காலையில் கை மரத்துப்போய் உதறிக்கொண்டு எழுவதும், தோள் இறுகி ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாமல் போவதும் இரண்டு நோயிலுமே வரும். முகம் ஊதல், குரல் கரகரப்பு, மற்றவர்களுக்குப் புழுங்கும்போது நமக்கு மட்டும் குளிர்வது, இவை தைராய்டு பக்கம் கை காட்டுபவை.

ரிப்போர்ட்டில் இரண்டு எண்களைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். தைராய்டு குறைவாக இருக்கும்போது, கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் சற்று ஏறும். சர்க்கரைக்காரர் என்றால் உடனே கிட்னி போய்விட்டது என்று வீட்டில் அழுகை தொடங்கிவிடும். தைராய்டு சரியானபின் திரும்பப் பாருங்கள். சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் பார்த்தபிறகு முடிவுக்கு வரலாம். எல்.டி.எல். கொழுப்பும் இப்படித்தான் ஏறி இறங்கும். தைராய்டைக் கவனிக்காமல் கொழுப்பு மாத்திரையை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் தசைவலிதான் மிச்சம்.

மகளுக்குக் கட்டாயம் வரும் என்றில்லை. ஆனால் தைராய்டு குடும்பத்தில் ஓடும், அதுவும் பெண்கள் வழியில் அதிகம் தெரியும். மாதவிலக்கு தாறுமாறாக வந்தாலோ, கல்யாணமாகிக் குழந்தைக்குத் திட்டமிடும்போதோ ஒருமுறை டி.எஸ்.ஹெச். பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: என் மனைவிக்குக் காலையில் மட்டும் ஐந்து மாத்திரை. தைராய்டு, கேஸ் மாத்திரை, சாப்பாட்டுக்கு முன் ஒரு சுகர் மாத்திரை, பின் ஒன்று, கால்சியம். எல்லாவற்றையும் மொத்தமாக ஐந்தரை மணிக்குக் காபியோடு விழுங்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள். தைராய்டு மாத்திரை 75-ல் இருந்து 125 ஆகியும் டி.எஸ்.ஹெச். 9-க்குக் கீழே வரவில்லை.
– வாசகர், மேலூர்

பதில்: இன்னும் கூட்டிக்கொண்டே போவதற்கு முன், அந்த ஐந்தரை மணியைப் பிரித்துப் பார்ப்போம்.

தைராய்டு மாத்திரையில் இருப்பது லீவோதைராக்சின். மைக்ரோகிராம் கணக்கில் கொடுக்கும் மருந்து. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். இவ்வளவு சிறிய அளவு சிறுகுடலில் ஒழுங்காக உறிஞ்சப்பட வேண்டும். கால்சியம் பக்கத்தில் இருந்தால் அதோடு ஒட்டிக்கொண்டு மலத்தில் போய்விடும். இரும்புச்சத்து மாத்திரையும், அமில எதிர்ப்பு டானிக்கும் அப்படியே. காபியும் உறிஞ்சுதலைக் குறைக்கும். உங்கள் வீட்டில் 125 போகிறது, எவ்வளவு உள்ளே சேர்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

எழுந்ததும் வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை மட்டும். ஐந்தரை என்றால் ஆறரைக்குக் காபி. குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் இடைவெளி. பால் கலக்காத கடுங்காபி என்றாலும் இதே விதிதான். விளக்குத்தூண் பக்கம் காலையில் நடக்கப் போய் சூடாகப் பருத்திப்பால் குடிப்பவர்களும் அந்த ஒரு மணி நேரம் கழித்தே டம்ளரை வாங்க வேண்டும். அது பானமில்லை, அரிசிமாவும் வெல்லமும் சேர்ந்த ஆகாரம். சர்க்கரைக்காரர் அதை வாங்கலாமா என்பது தனிக் கேள்வி, பதில் உங்களுக்கே தெரியும்.

கேஸ் மாத்திரை, அதாவது பான்டபிரசோல், ஒமிபிரசோல் வகை, பலகாரத்துக்கு அரை மணி முன்பு. இதில் நேர இடைவெளி மட்டும் உதவாது. வயிற்று அமிலமே குறைவதால் தைராய்டு மாத்திரை கரைவது மந்தமாகும். உண்மையிலேயே தேவையா என்று முதலில் கேளுங்கள். வருடக்கணக்கில் யாரோ எழுதிக் கொடுத்ததைக் கேள்வி கேட்காமல் விழுங்கிவரும் மாத்திரை இதுதான்.

சாப்பாட்டுக்கு முன் போடும் சுகர் மாத்திரை கிளிமிபிரைடு என்றால், ஐந்தரைக்குப் போட்டுவிட்டு எட்டரைக்கு இட்லி சாப்பிடுவது ஆபத்து. இடைப்பட்ட மூன்று மணி நேரம் மாத்திரை சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும், வயிற்றில் காபி மட்டும். தட்டில் இட்லி வந்தபிறகு மாத்திரையைப் போட்டுவிட்டு உடனே கை வைக்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் சாப்பாட்டின் நடுவிலோ முடிவிலோ. கால்சியத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளிவிடுங்கள். தைராய்டு மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளி இருக்க வேண்டும். இரும்பு மாத்திரையும் இருந்தால் மதியம். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக் கூடாது, ஒன்று மற்றொன்றைத் தடுக்கும்.

காலை அவசரத்தில் இதெல்லாம் நடக்காது என்றால் தைராய்டு மாத்திரையை ராத்திரிக்கு மாற்றலாம். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது. எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுப்பவர்களுக்கு இது பொருந்தும். பத்து மணிக்குப் புரோட்டா சாப்பிட்டு அப்படியே சாயும் வீட்டில் பொருந்தாது. ராத்திரி என்று முடிவானால் கால்சியம், இரும்போடு சேராமல், மதியத்துக்குப் போகட்டும்.

டப்பாவையும் பாருங்கள். 25, 50, 75, 88, 100, 125 என்று பல அளவில் வருகிறது. டப்பாக்கள் ஒரே ஜாடையில் இருக்கும். 100 கேட்டு 25 வாங்கி வந்து மூன்று மாதம் சாப்பிடுபவர்கள் உண்டு. கேஸ் அடுப்பு மேல் உள்ள தட்டிலும், வெயில் விழும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் இந்த மாத்திரையைக் கெடுக்கும், சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டாம். டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சின்னப் பை இருந்தால் அதைத் தூக்கிப் போடக் கூடாது. கம்பெனி மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.ஹெச். பார்க்க வேண்டும்.

ஒரு நாள் மறந்துவிட்டால் பதற வேண்டாம். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும். அன்றைக்கே நினைவு வந்தால் வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் போட்டுக்கொள்ளலாம். கிளிமிபிரைடுக்கும் இன்சுலினுக்கும் இந்தச் சலுகை கிடையாது. விட்டதைச் சேர்த்து இரட்டிப்பாகப் போடவே கூடாது.

மேலே சொன்னபடி நேரம் மாற்றினால் அதே 125 மைக்ரோகிராமில் முன்னைவிட அதிகம் உள்ளே போகும். அது திடீரென்று அதிகமாகி நெஞ்சு படபடக்கலாம். அதனால் நேரத்தை மாற்றும் முன்பே டாக்டரிடம் சொல்லி, தேவையானால் அளவைக் குறைத்துக்கொண்டு, ஆறு வாரத்தில் ரத்தம் கொடுங்கள். இதய நோய் உள்ளவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். அவர்களுக்குத் தொடக்கமே 12.5 அல்லது 25-ல்தான்.

கேள்வி: மீட்டரில் பார்த்தால் 130, 140 என்றுதான் இருக்கிறது. மூன்று மாத சர்க்கரை மட்டும் 7.9 என்று வருகிறது. டாக்டர் மாத்திரையைக் கூட்டச் சொல்கிறார். மதினி ஒருத்தி "உனக்குத் தைராய்டு இருக்கில்ல, அதனாலதான்" என்கிறாள். உண்மையா?
– வாசகி, சோழவந்தான்

பதில்: மதினி சொல்வதில் விஷயம் இருக்கிறது.

மூன்று மாத சர்க்கரை என்று நாம் சொல்லும் ஹெச்.பி.ஏ.1சி, சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளக்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். தைராய்டு குறைந்து மருந்து சரியாகப் போகாத நிலையில் எலும்பு மஜ்ஜை புது அணுக்களை மெதுவாகத்தான் தயாரிக்கும். ரத்தத்தில் கிழட்டு அணுக்கள் அதிகமாகிவிடும். நாள் பட்ட அணுவில் அதிகச் சர்க்கரை ஒட்டியிருக்கும், எண் பொய்யாக ஏறித் தெரியும். தைராய்டு மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் புது அணுக்கள் வந்ததும், சாப்பாட்டில் ஒன்றும் மாற்றாமலே இந்த எண் இறங்குவது உண்டு. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் நேர்மாறு, உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவும் இதே போல எண்ணை ஏற்றும். தைராய்டுக்காரப் பெண்கள் பலருக்கு ரத்தசோகையும் சேர்ந்தே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஹெச்.பி.ஏ.1சி எண்ணை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்தால் சராசரி சர்க்கரை வரும். 7.9-க்கு 180. உங்கள் மீட்டர் சொல்லும் 140 சராசரி என்றால் 6.5 வந்திருக்க வேண்டும். இடைவெளி பெரியது.

ஆனால் தைராய்டு மேல் பழியைப் போடும் முன் ஒன்று. நீங்கள் எப்போது பார்க்கிறீர்கள்? காலையில் வெறும் வயிற்றில் மட்டும் என்றால், மதியச் சோற்றுக்குப் பின் 240 போவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு வாரம் மதியமும் ராத்திரியும் சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அப்போதும் 150, 160 தாண்டவில்லை என்றால் எண்தான் பொய். ஹீமோகுளோபின், ஃபெரிடின் (உடம்பில் உள்ள இரும்புக் கையிருப்பு), டி.எஸ்.ஹெச். மூன்றையும் பார்த்துவிட்டு, இந்த நோட்டை டாக்டர் முன் வையுங்கள். ஃப்ரக்டோசமின் என்று ஒரு மாற்றுப் பரிசோதனை உண்டு; தைராய்டு கோளாறில் அதுவும் ஒழுங்காகச் சொல்லாது. கையில் ஒட்டி 14 நாள் வைத்துக்கொள்ளும் சென்சார் இதைவிட நம்பகமானது. மீட்டர் பழசா, ஸ்ட்ரிப் தேதி முடிந்ததா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்கும் முன் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் மாம்பழத்தின் சர்க்கரைதான் தெரியும்.

கேள்வி: வீட்டுக்காரருக்கு 52 வயது, விவசாயம். ஆறு மாதத்தில் எட்டு கிலோ இறங்கிவிட்டார். நன்றாகத்தான் சாப்பிடுகிறார். சுகர் 300-க்குக் குறையவில்லை, இன்சுலினை மூன்று முறை கூட்டியாயிற்று. கை நடுங்குகிறது, ராத்திரி தூக்கமில்லை, கண்கள் பிதுங்கியது போல இருக்கின்றன.
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: நாளைக்கே டி.எஸ்.ஹெச்., ஃப்ரீ டி-4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன் அளவு) இரண்டும் பாருங்கள். சர்க்கரை கட்டுப்படாவிட்டாலும் எடை இறங்கும். ஆனால் கை நடுக்கமும், கண் பிதுங்கலும், படபடப்பும் சேர்ந்தால் தைராய்டு அதிகம் சுரப்பதாகத்தான் முதலில் நினைக்க வேண்டும். அந்த ஹார்மோன் அதிகமானால் குடல் சர்க்கரையை வேகமாக இழுக்கும், கல்லீரல் சர்க்கரையைக் கொட்டும், போடும் இன்சுலினும் சீக்கிரம் அழியும். அந்த நிலையில் இன்சுலினை எவ்வளவு கூட்டினாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

உறுதியானால் தைராய்டு சுரப்பை அடக்கும் கார்பிமசோல் தொடங்குவார்கள். நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் புரோபிரனலால் சேர்ப்பார்கள். இங்கே மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

சில வாரங்களில் தைராய்டு அடங்கும். ஏற்றி வைத்த இன்சுலின் அப்போது அதிகமாகிவிடும். கடைசி ஆறு மாதத்தில் எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு ஏற்றினார்கள் என்பதை எழுதி வைத்துக்கொண்டு, மருந்து தொடங்கிய இரண்டாவது வாரத்திலிருந்தே தினமும் சர்க்கரை பார்த்து, டாக்டர் சொல்லக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இதில் தந்திரமான விஷயம், லோ சுகர் வரும்போது அடையாளம் காட்டுவது கை நடுக்கமும் படபடப்பும்தான். புரோபிரனலால் அதைத்தான் மறைக்கிறது. வியர்வை மட்டும் மறையாது. காரணமில்லாமல் சட்டை நனைந்தால் மீட்டரை எடுங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். தோட்டத்துக்குப் போகும்போது சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும்.

கார்பிமசோல் அபூர்வமாக வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். காய்ச்சலும் தொண்டைவலியும் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டு இரண்டு நாள் பொறுத்திருக்கும் வழக்கம் இங்கே உயிருக்கே வினையாகும்.

கண் பிதுங்கியிருக்கிறது என்றீர்கள். பியோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை அவர் சீட்டில் இருக்கிறதா பாருங்கள். கண்குழியில் கொழுப்பை வளர்த்து இதை மோசமாக்கக் கூடியது, டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டும். பீடி, சிகரெட் இருந்தால் அது இன்னும் மோசம். சர்க்கரைக்காக வருடம் ஒருமுறை விழித்திரை பார்க்க அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ அரசு இராசாசி மருத்துவமனைக்கோ போகும்போது, "தைராய்டும் இருக்கிறது" என்று வாய் திறந்து சொல்லுங்கள். விழித்திரையைப் பார்ப்பது வேறு, கண் பிதுங்கலை அளப்பது வேறு. இதற்கு ஸ்டீராய்டு கொடுக்க நேர்ந்தால் சர்க்கரை மறுபடி எகிறும். இன்சுலின் அளவை அப்போது திரும்ப மாற்ற வேண்டி வரும்.

கேள்வி: 11 வயதுப் பையனுக்கு ஒன்றரை வருடமாக இன்சுலின். வருடா வருடம் தைராய்டு டெஸ்ட் எழுதுகிறார்கள். அவனுக்குத் தைராய்டு அறிகுறி ஒன்றுமில்லையே?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அறிகுறி வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதற்காகத்தான். முதல் வகைச் சர்க்கரையில் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே கணையத்தைத் தாக்குகிறது. அதே பரம்பரைக் கூறு உள்ளவர்களுக்குத் தைராய்டையும் தாக்கும். முதல் வகைக்காரர்களில் நான்கில் ஒருவர் அளவுக்குத் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடிகள் (எதிர்ப்புப் புரதங்கள்) ரத்தத்தில் காணப்படுகின்றன. எல்லோருக்கும் நோயாக முற்றுவதில்லை. அவற்றில் முக்கியமான டி.பி.ஓ. ஆன்டிபாடி இருந்தால் வருடம் ஒருமுறை, இல்லையென்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டி.எஸ்.ஹெச். போதும் என்பார்கள்.

பையன் உயரத்தை நிலைப்படியில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். ஆறு மாதமாகக் கோடு ஏறவில்லை, அடிக்கடி காரணமில்லாமல் லோ சுகர், வகுப்பில் தூங்குகிறான் என்றால் தவணை வரும்வரை காத்திருக்காமல் பாருங்கள். காய்ச்சலிலோ, கீட்டோன் ஏறி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதோ எடுக்கும் தைராய்டு டெஸ்ட் நம்பகமில்லை, உடம்பு தேறிச் சில வாரம் கழித்தே எடுக்க வேண்டும்.

தைராய்டு மாத்திரை ஒழுங்காகப் போட்டும் அளவு ஏறிக்கொண்டே போனால் கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பது உண்டு. அதுவும் எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்கும் இதே நோய்க் குடும்பம்தான். லோ சுகரோடு எடை குறைவு, தோல் கருத்துப்போதல், உப்புக்கு ஏங்குதல் சேர்ந்தால் முதலில் அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசால் பார்க்க வேண்டும். அட்ரினல் சுரப்பி படுத்திருக்கும் நிலையில் தைராய்டு மாத்திரையை முதலில் தொடங்கினால் ஆபத்தாகிவிடும். இந்த வரிசையை எந்தக் காரணத்துக்கும் மாற்றக் கூடாது.

கேள்வி: நான் மூன்று மாதம். ஏற்கெனவே தைராய்டு 50 சாப்பிடுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு, கால்சியம் கொடுத்தார்கள். குளுக்கோஸ் கரைசல் குடிக்க வைத்து ரத்தம் எடுத்ததில் 148 வந்தது. எல்லாமே பயமாக இருக்கிறது.
– வாசகி, வாடிப்பட்டி

பதில்: 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பதுதான் அந்தப் பரிசோதனை. 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. உங்களுக்கு வந்தது எல்லையோரம்தான். பெரும்பாலும் முதலில் சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்தச் சொல்வார்கள். அடுத்த வருகையில் சாப்பாட்டுக்குப் பின் பார்த்து, 120-க்குள் நிற்கிறதா என்று தீர்மானிப்பார்கள். வெறும் சோற்றுக் குவியலைக் குறைத்து, ஒரு கைப்பிடி பயறோ முட்டையோ சேருங்கள். மூன்று வேளையை ஐந்தாகப் பிரித்துச் சாப்பிடுங்கள்.

தைராய்டில்தான் அவசரம் அதிகம். கர்ப்பம் என்று தெரிந்த நாளே மாத்திரை அளவு சுமார் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கூட வேண்டியிருக்கும். வாரத்துக்கு ஏழு மாத்திரை சாப்பிட்டவர்களை ஒன்பது சாப்பிடச் சொல்வது வழக்கம், அதாவது இரண்டு நாள் மட்டும் இரண்டு மாத்திரை. உங்களுக்கு மூன்று மாதம் ஓடிவிட்டது, இன்னும் யாரும் அளவைத் தொடவில்லை போலத் தெரிகிறது. இந்த வாரமே டி.எஸ்.ஹெச். பாருங்கள், பிறகு ஐந்தாம் மாதம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை.

மாத்திரை நேரம்: காலை 5 மணிக்குத் தைராய்டு. 9 மணிக்குப் பலகாரத்தோடு முதல் கால்சியம். மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணியளவில் இரும்பு. ராத்திரி எட்டரைக்கு இரண்டாவது கால்சியம். வாந்தி அதிகமென்றால் தைராய்டு மாத்திரையை ராத்திரி படுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றினால் இரண்டாவது கால்சியத்தை மாலை 6 மணிக்கு முன்னுக்குத் தள்ளுங்கள். பிரசவமானதும் தைராய்டு பழைய அளவுக்குத் திரும்பும். ஆறு வாரம் கழித்துத் தைராய்டும் சர்க்கரையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும்போது தாயின் டெஸ்ட்டைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: கடந்த நோன்பு மாதத்தில் தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டேன். சர்க்கரை மாத்திரையை மட்டும் சஹருக்கு (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) போட்டேன். சரியா?
– வாசகர், நெல்பேட்டை

பதில்: தைராய்டு மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. சஹருக்கு அரை மணி முன்பு எழுந்தோ, இஃப்தாருக்குப் பின் கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்தோ போடலாம். ஆபத்தானது நீங்கள் போட்ட மற்றதுதான். கிளிமிபிரைடு போன்றதைச் சஹரில் முழு அளவில் போட்டுவிட்டுப் பகல் முழுக்கப் பட்டினி இருந்தால் பிற்பகலில் லோ சுகர் வரும். பெரிய வேளை இப்போது இஃப்தார் என்பதால் மாத்திரையின் பெரிய பங்கை அங்கே மாற்றுவார்கள். நோன்புக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். புரட்டாசிச் சனிக்கிழமை, சஷ்டி விரதம் இருப்பவர்களுக்கும் இதே பதில்.

கேள்வி: எடை குறைய வாரம் ஒரு ஊசி என்கிறார்கள், செமாகுளுடைடு. எனக்குத் தைராய்டு இருப்பதால் போடக் கூடாதாமே?
– வாசகி, அண்ணா நகர், மதுரை

பதில்: சாதாரணத் தைராய்டு குறைவு இதற்குத் தடையில்லை. உங்களுக்கோ ரத்த உறவில் யாருக்கோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால்தான் போடக் கூடாது. கழுத்தில் புதிதாகக் கட்டி, குரல் மாற்றம் இருந்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டும். எடை நன்றாக இறங்கினால் தைராய்டு மாத்திரை அளவும் குறைய வேண்டி வரலாம்.

இதே மருந்து மாத்திரையாகவும் வருகிறது. அதில் ஒரு சிக்கல்: அதையும் வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மேற்படாத தண்ணீரில், வேறு எந்த மாத்திரையும் இல்லாமல் விழுங்கி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உள்ளே போகும். இரண்டுக்கும் ஒரே விடியற்காலை போதாது, தைராய்டு மாத்திரையை ராத்திரிக்கு அனுப்பிவிடுவதுதான் சுலபம்.

கேள்வி: முட்டைக்கோஸ், முள்ளங்கி, கம்பங்கூழ் எல்லாம் விலக்கியாயிற்று. அயோடின் உப்பு வேண்டாம், இந்துப்புதான் நல்லது என்கிறார் சித்தப்பா. இனி எதைத்தான் சாப்பிடுவது?
– வாசகி, அலங்காநல்லூர்

பதில்: வேகவைத்த முட்டைக்கோஸை அள்ளி அள்ளித் தின்றால் ஒழிய ஒன்றும் ஆகாது. கம்பில் தைராய்டைத் தடுக்கும் பொருள்கள் இருப்பது உண்மைதான்; அயோடின் பற்றாக்குறை உள்ள இடத்தில், தினமும் மூன்று வேளையும் கம்பே உணவாக இருந்தால்தான் அது பிரச்சினை. சர்க்கரைக்காகக் கம்பை விரும்பினால் கூழாகக் கரைக்காமல் சோறாகவோ அடையாகவோ சாப்பிடுங்கள், சர்க்கரை மெதுவாக ஏறும்.

உப்பில் சித்தப்பா தவறு. கடையில் விற்கும் அயோடின் உப்பில் ஒரு கிராமுக்கு 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும். நாளைக்கு 5 கிராம் உப்பு என்றால் 75. தேவை 150, மீதி மீன், முட்டை, பாலில் வரும். இந்துப்பை நம்பினால் அந்த 75-ம் போய்விடும். அயோடினேற்றாத கல் உப்பும் அப்படித்தான், பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். அடுப்புப் பக்கம் திறந்த மரவையில் வைக்காமல் மூடிய ஜாடியில் வையுங்கள். அதே நேரம் அயோடின் நல்லது என்று கடல்பாசி மாத்திரை வாங்கி விழுங்குவதும் தப்பு, அதிக அயோடினும் தைராய்டைக் கெடுக்கும். ஜிகர்தண்டாவில் கிடக்கும் பாசியைப் பற்றிச் சிலர் எழுதிக் கேட்டிருந்தார்கள். அந்தத் துளிப் பாசியை விடுங்கள். சர்பத்தும், சுண்டக் காய்ச்சிய பாலும், மேலே உட்கார்ந்திருக்கும் ஐஸ்கிரீமும்தான் கணக்கு.

கேள்வி: முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். டி.எஸ்.ஹெச். 0.1 என்று வந்து, தைராய்டு மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள். ஆனால் அசதி கூடியிருக்கிறது.
– வாசகி, ஆரப்பாளையம்

பதில்: பயோட்டின் பல லேப் கருவிகளின் வேதிமுறையில் குறுக்கிட்டு டி.எஸ்.ஹெச்.-ஐப் பொய்யாகக் குறைத்தும், ஃப்ரீ டி-4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். முதல் முறை கொடுத்த அதே லேப், அதே நேரம், அன்றைய தைராய்டு மாத்திரையை ரத்தம் எடுத்தபின். தைராய்டுக்கு மட்டும் என்றால் வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் அதே குத்தில் சர்க்கரையும் பார்க்கப் போகிறீர்கள் என்பதால் சாப்பிடாமலே போங்கள். கிளிமிபிரைடையும் அன்று காலை வீட்டில் போட்டுக்கொள்ளாமல் கையில் எடுத்துப் போய், ரத்தம் கொடுத்தபின் பலகாரத்தின் முன் உட்கார்ந்து போடுங்கள்.